ஆங்கியில் ஜெர்மன் சொற்கள்: ரிவ்யூ நிலுவை 600ஐத் தாண்டிவிட்டது, அழித்துவிடட்டுமா?

வானம்பாடி:
வணக்கம் நண்பர்களே. நர்ஸிங் வேலைக்காக ஜெர்மன் பி1 (இடைநிலை) படிக்கிறேன். போனில் ஆங்கிட்ராய்டு, அதாவது சொல் கார்டுகளை மறக்கும் நேரம் பார்த்து மீண்டும் காட்டும் ஆங்கி செயலியின் ஆண்ட்ராய்டு வடிவம். இணையத்தில் கிடைத்த தயார் டெக்கை (கார்டுத் தொகுப்பு) இறக்கி, தினம் 40 புதுச் சொல் என்று வைத்திருந்தேன். இப்போது ரிவ்யூ (மறுபார்வை) செய்ய வேண்டிய கார்டு நிலுவை 600க்கு மேல். கார்டைப் பார்த்தால் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. வகுப்பில் வாய் திறந்தால், பெயர்ச்சொல்லுக்கு முன்னே வரும் பால்சொல் டேரா, டீயா, டாஸா என்று திணறல். டெக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா?

கணக்குப்புலி:
அழிக்காதீர்கள். எந்தச் சொல் உங்களுக்கு எத்தனை நாளில் மறக்கிறது என்ற பதிவும் அதோடு போய்விடும். செயலி அடுத்த தேதியைக் கணிப்பதே அதை வைத்துத்தான்.

சிக்கல் அந்த 40இல். தினம் எத்தனை புதுக் கார்டு வைக்கிறோமோ, அதைப்போல 7 முதல் 10 மடங்கு ரிவ்யூ சில வாரங்களில் தினமும் வந்து நிற்கும் என்பது தோராயக் கணக்கு. 40க்கு 300, 400 வரும். ஆங்கி தானாக வைத்திருக்கும் 20கூட ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு அதிகம். ஜெர்மன் தேர்வு நடத்தும் கதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 பட்டியலில் சுமார் 2,400 சொற்கள், அதற்கு முந்தைய நிலையான ஏ2வில் சுமார் 1,300. ஏ2 கைவசம் இருந்தால் மிச்சம் 1,100. தினம் 10 வைத்தாலே நான்கு மாதத்துக்குள் முடியும்.

டெக் ஆப்ஷன்ஸில் புதுக் கார்டை 0 ஆக்குங்கள். ரிவ்யூ உச்சவரம்பு 150. எஃப்எஸ்ஆர்எஸ்ஸை (அடுத்த தேதியைக் கணிக்கும் முறை) ஆன் செய்து, உங்கள் பதிவுக்கேற்ப அதைச் சரிசெய்யும் ஆப்டிமைஸ் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் 'ரீஷெட்யூல்' (கார்டுகளின் தேதிகளை உடனே மாற்றுவது) மட்டும் வேண்டாம், ஒரே நாளில் இன்னும் நூற்றுக்கணக்கில் நிலுவை விழலாம். ரிவ்யூ வரிசையில், நினைவில் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள கார்டு முதலில் வரும்படி வையுங்கள். முக்கால்வாசி மறந்தவை கொஞ்சம் காத்திருந்தால் பெரிய நஷ்டமில்லை. தினமும் புதிதாகக் கெடு வருபவையும் சேரும் என்பதால் 600 நான்கு நாளில் தீராது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நினைவு விகிதம் (ரிவ்யூ வரும்போது நினைவில் இருக்க வேண்டிய பங்கு) 0.90 அப்படியே இருக்கட்டும். ஆசைப்பட்டு 0.97 வைத்தால் ரிவ்யூ பல மடங்காகும்.

இன்னொன்று கேட்க வேண்டும். மறந்த கார்டுக்கு எந்தப் பட்டன் அழுத்துகிறீர்கள்?

வானம்பாடி:
பெரும்பாலும் ஹார்ட். அகெய்ன் அழுத்தினால் முதலிலிருந்து வருமே என்று.

கணக்குப்புலி:
அங்கேதான் கணக்கு கெடுகிறது. ஹார்ட் என்றால் 'சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்தது'. செயலி அதைத் தேர்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்ளும். மறந்த சொல்லை இன்னும் பல நாள் தள்ளி வைக்கும். மறந்தால் அகெய்ன், வந்தால் குட். இந்த இரண்டு பட்டனே போதும்.

தேன்சிட்டு:
டேர், டீ, டாஸ் திணறலுக்குக் காரணம் கார்டின் அமைப்பு. தயார் டெக்குகள் பலவற்றில் முன்பக்கம் ஜெர்மன், பின்பக்கம் பொருள். அதில் பயிற்சியாவது அடையாளம் காண்பது மட்டும்தான், பேசுவது அல்ல. முன்பக்கம் தமிழ்ப் பொருளோ படமோ இருக்கட்டும். பின்பக்கம் பால்சொல், பெயர்ச்சொல், பன்மை மூன்றும்: டேர் ஃபெர்பான்ட், டீ ஃபெர்பெண்ட (காயக்கட்டு). கீழே ஒரு சின்ன வாக்கியம்: இஹ் வெக்ஸ்ல டேன் ஃபெர்பான்ட் (நான் கட்டை மாற்றுகிறேன்). செயப்படுபொருளாக வரும்போது டேர் என்பது டேன் ஆவதும் கூடவே பதியும். பால்சொல் தவறினால் பொருள் தெரிந்திருந்தாலும் அகெய்ன்தான், இரக்கம் வேண்டாம்.

உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிபவை அநேகமாக எல்லாம் டீ. ஷென், லைன் என்று முடியும் குறுமைச் சொற்கள் டாஸ். இவற்றின் பாலை மனப்பாடம் செய்து நேரம் கழிக்காதீர்கள்.

உச்சரிப்பைத் தமிழில் கார்டில் எழுதவே கூடாது. இங்கே பேச்சுக்காக எழுதுகிறோம், அது வேறு. சுடுவதும் (ரொட்டி, கேக்) மூட்டை கட்டுவதும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாக்கன்'. தேவாலயமும் செர்ரிப் பழமும் 'கிர்ஷ'. ஒலியே வையுங்கள். கார்டு டெம்ப்ளேட்டில் டிடிஎஸ் (எழுத்தை வாசித்துக் காட்டும்) வரி சேர்த்து, போன் செட்டிங்ஸில் ஜெர்மன் குரலை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் பேசும்.

அரைப்படி:
எட்டு தடவை மறந்த கார்டுக்கு ஆங்கி 'லீச்' என்று குறி போடும். அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பயனில்லை, கார்டை மாற்றி எழுதுங்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரிச் சொற்களின் குழப்பமாகத்தான் இருக்கும்: பெகொமன், அன்கொமன், ஃபோர்கொமன் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். ஒன்று பதிந்த பிறகு அடுத்ததைச் சேருங்கள்.

வானம்பாடி:
மிக்க நன்றி. தமிழிலிருந்து ஜெர்மனுக்கும் ஜெர்மனிலிருந்து தமிழுக்கும் வைத்தால் கார்டு இரட்டிப்பாகுமே?

தேன்சிட்டு:
ஆகும். வரம்பு கார்டைத்தான் எண்ணும், சொல்லை அல்ல; 10 என்று வைத்தால் ஐந்தே சொல். வார்டில் நீங்கள் வாயால் சொல்ல வேண்டியவற்றுக்கு மட்டும் தமிழ் முன்பக்கம் வையுங்கள். படிவத்திலும் அறிவிப்பிலும் பார்ப்பதோடு சரி என்றால் ஜெர்மன் முன்பக்கம் போதும். இரண்டும் வைத்த சொல்லுக்கு 'பரி சிப்ளிங்ஸ்' (ஒரே சொல்லின் மற்ற கார்டை மறுநாளுக்குத் தள்ளுவது) ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கார்டு மற்றதற்கு விடையை அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும்.