கர்னலில் கத்தி வைத்த அனுபவங்கள்

களக்காட்டுக்காரன்:
களக்காட்டில் மாமாவின் வாழைத்தோட்டத்துக் கிணற்று மோட்டாரை, த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் போனிலிருந்தே ஓடவிட ஒரு பெட்டி செய்தேன். உள்ளே இருப்பது பழைய ரூட்டர் போர்டு. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸும் அதில் அடங்கவில்லை.

சரி என்று, கர்னலில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கைத் திறந்தேன். ஐபிவி6, நெட்ஃபில்டர், பிரிட்ஜ் எல்லாவற்றையும் எடுத்தேன். பெட்டி இனி ரூட்டர் வேலை பார்க்கப்போவதில்லையே, அதுவரை தப்பில்லை. அப்புறம் 'பாக்கெட் சாக்கெட்' கண்ணில் பட்டது. டிசிபிடம்ப் மாதிரி நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கிற கருவிக்குத்தானே என்று அதையும் எடுத்தேன். மிச்சமான இடம் அற்பம். ஆசை யாரை விட்டது?

பாளையங்கோட்டையில் மேஜைமேல் அருமையாக ஓடியது. ஐபி முகவரியை நானே கையால் கொடுத்திருந்தேன், அதுதான் வினை. தோட்டத்து 4ஜி ரூட்டரில், கேட்டவருக்கு முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வழியாகத்தான் முகவரி வாங்க வேண்டும். பெட்டி அசையவே இல்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த மாமா, "மருமவனே, கரண்டு வந்து அரைமணி ஆச்சு. நானே போயி சுச்சைப் போட்டுரட்டா?" என்றார்.

சீரியல் கேபிளைச் செருகினால், டிஹெச்சிபியில் முகவரி கேட்கும் புரோகிராமான யுடிஹெச்சிபிசி 'அட்ரஸ் ஃபேமிலி நாட் சப்போர்ட்டட்' (இந்த வகை சாக்கெட் இங்கே இல்லை) என்று புலம்பிக்கொண்டிருக்கிறது. தனக்கென்று முகவரியே இல்லாத நிலையில் முகவரி கேட்க வேண்டும் அல்லவா? அதற்கு அது ஈதர்நெட் ஃபிரேமை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலத்தை, நேரடியாகக் கையாள்கிறது. அந்த வழிதான் பாக்கெட் சாக்கெட்.

வள்ளியூர் வயர்மேன்:
நான் வெட்டியது, ஒரே பெட்டிக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழியான யூனிக்ஸ் சாக்கெட். இருப்பதே ஒரு பெட்டி, அதற்குள் யார் யாரோடு பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன். நடப்பதை லாக்கில் குறித்துவைக்கும் சிஸ்லாக்டி எழும்பவே இல்லை, மற்ற புரோகிராம்கள் அதனிடம் சொல்வது அந்த சாக்கெட் வழியாகத்தான். குற்றத்தை எழுதிவைக்கிற கணக்கப்பிள்ளையையே அனுப்பிவிட்டு, குற்றம் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன்.

மானூர் தம்பி:
அண்ணாச்சி, பூட் ஆகும்போது கர்னலையே டிஹெச்சிபி கேட்க வைக்கலாமே? அதற்குப் பாக்கெட் சாக்கெட் வேண்டாமே.

களக்காட்டுக்காரன்:
செய்தேன் தம்பி, முகவரியும் கிடைத்தது. ஆனால் கர்னல் ஒருதடவை வாங்குவதோடு சரி, முகவரிக்கான தவணையை (லீஸை) புதுப்பிக்காது. கெடு முடிந்தால் ரூட்டர் அதே முகவரியை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்கலாம். அத்தையின் போனும் அதே ரூட்டரில்தான் இருக்கிறது. எதற்கு வம்பு என்று பாக்கெட் சாக்கெட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டு, யுஎஸ்பி டிரைவர்களை எடுத்தேன். இத்தனைக்கும் அந்த போர்டில் யுஎஸ்பி ஓட்டையே கிடையாது.