எல்லாக் கேள்விக்கும் "ஆமாம்மா" என்கிறார் பாட்டி, என்ன செய்வது?

கேள்வி (உளவியல் மாணவி, கடைசி வருடம்):
ஒரு முதியோர் இல்லத்தில் 70 வயது தாண்டியவர்களிடம் ஆளுமையின் ஐம்பெரும் பண்புகளை (கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, பதற்றம், புதுமை நாட்டம்) அளக்கிறேன். பிஎஃப்ஐ என்ற 44 கேள்விப் படிவம், ஒவ்வொன்றுக்கும் 1 (இல்லவே இல்லை) முதல் 5 (முழுக்க ஆமாம்) வரை மதிப்பெண்; தமிழாக்கம் நாங்களே செய்தது. நேற்று ஒரு பாட்டி "அதிகம் பேசுபவர்" என்றதற்கு ஆமாம் என்றார். "அமைதியானவர்" என்றதற்கும் ஆமாம்! இருபதாவது கேள்விக்கு அப்புறம், "நீயே ஏதாவது போட்டுக்கம்மா, நீ பாஸானா சரி" என்றுவிட்டார். இந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில் 1 (கள ஆய்வு அனுபவஸ்தர்):
அவசரப்படாதீங்க. எதிரெதிர் வாக்கியங்களை ஜோடி சேருங்கள், 16 ஜோடி தேறும். எதிர் வாக்கியத்துக்கு வழக்கமாகச் செய்வதுபோல் மதிப்பெண்ணைத் திருப்பிப் (5-ஐ 1 ஆக) போடாமல், அப்படியே சராசரி எடுங்கள். யோசித்துப் பதில் சொன்னவருக்குச் சராசரி 3-ஐ ஒட்டி வரும். பாட்டிக்கு 4.2 வந்தால், 3-க்கு மேல் உள்ள அந்த 1.2 வெறும் தலையாட்டல். அதை ஒவ்வொரு பதிலிலும் கழித்துவிட்டு, பிறகு பண்புக்கு மதிப்பெண் போடுங்கள். 44-க்கும் 5 சொன்னவரிடம் கழித்தால் எல்லாம் வெறும் 3 ஆகிவிடும், ஒன்றும் மிஞ்சாது, அவரை மட்டும் விட்டுவிடலாம்.

தமிழாக்கத்தையும் பாருங்கள். "என்னை நான் அதிகம் பேசும் ஒருவராகக் காண்கிறேன்" என்று எந்தப் பாட்டி பேசுவார்? "நீங்க நிறையப் பேசுவீங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் "ரொம்பவா, கொஞ்சமா?" என்று கேளுங்கள். நாலு படி தானாக வந்துவிடும்; "ரெண்டுக்கும் நடுவுல" என்றால் அது ஐந்தாவது.

ஒருமுறை ஒரு தாத்தாவிடம் "கலகலப்பாகப் பழகுவீங்களா?" என்றேன். "காது கேட்ட காலத்துலயா, இப்பவா?" என்றார். காது மெஷினில் பேட்டரி தீர்ந்து மூன்று வாரமாம். அதற்குள் நான் 1 போட்டுவிட்டேன். பேட்டரியைத்தான் அளந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் முதலில் காது, அடுத்து கண்ணாடி, அப்புறம்தான் படிவம்.

பதில் 2:
மனச்சோர்வையும் சேர்த்துப் பாருங்கள். முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோல் ஆமாம்-இல்லைதான், சீக்கிரம் முடியும். மனம் சோர்ந்திருந்தால் பதற்றப் பண்பு கூடுதலாகத் தெரியும். இதே ஐந்து பண்புகளை அளக்கும் நியோ என்ற இன்னொரு அளவுகோலில், கூட இருப்பவர் அவரைப் பற்றி நிரப்பும் படிவமும் உண்டு. மறதி நோய் என்று சந்தேகம் இருந்தால், முன்னால் எப்படி, இப்போது எப்படி என்று வீட்டாரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பிள்ளைகள் மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறார்கள். ஆயாம்மாவிடம் கேட்கலாமா?

பதில் 1:
கேளுங்க. ஆனால் ஆயாம்மா கணக்கில் "இணக்கமானவர்" என்றால் ராத்திரியில் மணி அடிக்காதவர்.