சிறைக்குள் இருந்தபோது குடி நின்றது: நினைக்காத நன்மை உங்களுக்கும் உண்டா?

கோத்தகிரித் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவன் நான். அடிதடி வழக்கில் கிளைச்சிறை. முதல் சில நாள் கை நடுக்கம், வியர்வை. அப்புறம் ரசத்தில் சீரகம் மணந்தது! மனைவிக்குக் கடிதம் எழுதினேன், எழுத்து கோட்டிலேயே நின்றது. வெளியே வந்தும் தொடவில்லை. உங்களுக்கு?

குன்னூர்க்காரன்: எனக்குத் தூக்கம், அண்ணே. மது கனவு வரும் தூக்கத்தை அமுக்கிவிடும். விட்டதும் கனவாகக் கொட்டும், பயப்பட வேண்டாம்.

ஊட்டி நர்ஸ்: தம்பி, வெறும் நடுக்கத்தோடு முடிந்ததே பெரிய விஷயம். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம், அதன்பிறகு மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து. உள்ளே போன அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியில் இருப்பவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு இலவசமாகப் பேசலாம்.

கோத்தகிரி: சரிக்கா. கூட இருந்த ஒருவருக்கு வலிப்பு வந்தது, காரணம் இப்போதுதான் புரிகிறது. எங்கள் லைன் வீடுகளில் இரண்டு பேர் குடியை விட நினைக்கிறார்கள். இன்றைக்கே நம்பரைக் கொடுக்கிறேன்.