பழைய பூங்காவைப் புதுப்பித்தபோது நீங்கள் கண்டது என்ன? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

ராயபுரத்திலிருந்து:

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தபோது அவரும் அங்கே நின்றிருந்தார். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். மழையைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். கொட்டுகிற மழையில் ஒருவரும் நகரவில்லை, கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது, வீட்டுக்கு வந்ததும் பாட்டி வாசலிலேயே நிறுத்தி ஒரு குடம் தண்ணீரைக் காலில் ஊற்றினாள் என்று போகும் அவர் கதை. அந்தப் பூங்காவுக்கு இப்போது அண்ணாவின் பெயர்.

அந்தச் சேறுதான் என்னை இதை எழுத வைக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. அதுவும் பழையதுதான். சில வருடங்களுக்கு முன்னால் அதைப் புதுப்பித்தார்கள். ஏழு மாதம் பூட்டியே கிடந்தது. திறந்த அன்று மாலை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டிலிருந்து பின்சுவர் வரை சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக் கல். புது ஊஞ்சல், புது விளக்கு, சுவரில் ஓவியம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மகள் கையில் மண் அள்ளுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு சுற்று நடந்து பார்த்தாள், அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலே உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அதே கேட்டில் மறுபடியும் ‘சீரமைப்புப் பணி’ என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். இந்த முறை வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசலாம் என்று தெருவில் சிலர் முடிவு செய்திருக்கிறோம். அதற்காகத்தான் கேட்கிறேன். உங்கள் பக்கத்துப் பூங்காவில் என்ன வந்தது, என்ன போனது? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணா, நான் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்களுடையது ஒண்டுக்குடித்தனம். ஒரே அறையில் ஐந்து பேர். குரூப் 4 பரீட்சைக்கு நான் படித்ததெல்லாம் பூங்கா விளக்கடியில்தான். அங்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. சாயங்காலம் இலைகளை மூடிக்கொள்ளும், அதைப் பார்த்துத்தான் மணி ஆறு ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்வோம். பூங்காவைப் புதுப்பித்தபோது அந்த மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமென்ட் மேடை கட்டி மேலே கிரானைட் பதித்தார்கள். அதில் உட்கார்ந்து படித்தவன் என்பதால் மேடையைக் குறை சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மரம் அடியோடு சாய்ந்து கிடந்தது. மேலே கிளம்பி நின்ற வேர்ப்பகுதியைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. மேடை எவ்வளவு வட்டமோ அவ்வளவுதான் வேரும். வெளியே போக வழி கிடைக்காமல் சிமென்ட்டை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்திருந்தது, முறுக்குப் பிழிந்த மாதிரி. அவ்வளவு பெரிய மரத்தை அந்தச் சின்ன வட்டம்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மரத்தை அறுக்க வந்தவர்களில் வயதான ஒருவர் சொன்னார்: “தம்பி, இது நேத்து காத்துல சாயல. மேடை கட்னதுலேர்ந்து சாஞ்சிகினேதான் இருந்துது.” தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேலாக ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் அதிகம் இருக்கும், கிளை நிழல் விழும் இடத்தையும் தாண்டிப் பரவும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒன்றரை அடியைத்தான் நாம் கல் போட்டு மூடுகிறோம். அதே பூங்காவின் பின்மூலையில், யாரும் கவனிக்காத மண்தரையில் நின்ற பூவரசு இரண்டு கிளைகளை மட்டும் இழந்து நின்றது. இன்றும் நிற்கிறது.

உங்கள் பூங்காவில் மேடை கட்டிய மரம் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள் அண்ணா.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

தம்பி சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனாலும் மண்ணை மட்டுமே பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்க வைக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் நடக்க ஏது இடம்? வண்டிகளும் தண்ணீர்க் குடங்களும்தான் இருக்கும். பூங்கா பழைய நிலையில் இருந்தபோது மேடு பள்ளம், மழைக்காலத்தில் வழுக்கல். ஆறு மணிக்கு மேல் பின்பக்கம் குடிக்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள், பொம்பளைகள் யாரும் உள்ளே போக மாட்டோம். புதுப்பித்த பிறகு விளக்கு வந்தது, கழிப்பறை வந்தது, சமமான பாதை வந்தது. அந்தப் பாதையில்தான் என் அம்மா நாலு மாதம் கழித்துத் தன் காலால் பத்து அடி நடந்தார். அந்தக் கல்லை நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

ஒரே ஒரு குறை. டூவீலர் நுழையக் கூடாது என்று சுழலும் கம்பி கேட் வைத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியும் நுழையவில்லை. மூன்று மாதம் அம்மாவை நானும் என் தம்பியும் தூக்கித்தான் உள்ளே வைத்தோம். நாலு முறை மனு கொடுத்த பிறகு பக்கத்துச் சின்ன கேட்டின் சாவியைக் காவலரிடம் கொடுத்து வைத்தார்கள். இப்போது காலை ஆறு மணிக்கு அவரே திறந்துவிட்டு “அம்மா எப்டி கீறாங்க?” என்று கேட்கிறார். கேட் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கத்து மாடிப் பூங்கா எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேர் எதனால் வந்தது என்பது பல பேருக்குத் தெரியாது. அது பழைய நகர மதிலின் மேல் போட்ட தோட்டம். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது, இன்று ஜார்ஜ் டவுன் என்கிற கறுப்பர் நகரம் திறந்த வீடாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயர்கள் இந்த மதிலைக் கட்டினார்கள். அந்தச் செலவுக்கு ஊர் மக்களிடம் வரி போட நினைத்ததில் வந்த பேர்தான் வால்டாக்ஸ் ரோடு. பல மைல் ஓடிய மதிலில் மிஞ்சியது இந்தத் துண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது.

என் அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். மண்ணடியில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிடும்போது என்னை உதவிக்குக் கூட்டிப்போனார். அங்கே யாரோ முன்பு சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதில் ஒரு பத்தையைப் பெயர்த்து உள்ளே இருந்த செங்கல்லைக் கட்டைவிரலால் அழுத்தினார். மாவாக உதிர்ந்தது. கடற்கரை ஊர், சுவரில் உப்பும் ஈரமும் ஏறும். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரம் அதன் வழியே வெளியே போய்விடும். சிமென்ட் வழிவிடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும், உப்பு உள்ளேயே பூத்துக் கல்லை உடைக்கும். அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துத்தான் பூசினார். வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை, தினமும் சண்டை. ஆனால் அந்தச் சுவர் இன்றும் உதிரவில்லை.

பழைய சுவர் உள்ள பூங்கா எதுவானாலும் இதைக் கேளுங்கள்: என்ன சாந்து பூசப்போகிறீர்கள்? சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பீர்களா? மேலாக வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி தளிர் விடும், உள்ளே வேர் மட்டும் பருத்துக்கொண்டே போகும். மாடிப் பூங்கா மாதிரி இடத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. மேலே செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வடிய வழி இல்லையென்றால் அது சுவருக்குள்தான் இறங்கும்.

பெரியமேட்டிலிருந்து:

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். சென்ட்ரல் பக்கத்தில் பூங்காவே காணோம், எதற்கு ‘பார்க்’ ஸ்டேஷன்? பிறகுதான் தெரிந்தது. 1859இல் கவர்னர் டிரெவெலியன் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க், 116 ஏக்கர். மிருகக்காட்சி சாலைகூட அங்கேதான் இருந்தது, 1985இல்தான் வண்டலூருக்குப் போனது. என் அம்மா சிங்கம் பார்த்தது அங்கேதான். விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வர, பூங்கா மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய மை லேடிஸ் பூங்காவில் நான் இன்றும் நடக்கிறேன். உங்கள் பூங்காவின் அளவை, எல்லைச் சுவரோடு சேர்த்து, எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிம் வேண்டும், அலுவலக அறை வேண்டும், ஸ்டோர் ரூம் வேண்டும் என்று ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான் வரும்.

ராயபுரத்திலிருந்து, மறுபடி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆறு பேர் பொறியாளரைப் போய்ப் பார்த்து வந்தோம். நாங்கள் கேட்டது இதுதான்.

நடைபாதை ஐந்து அடி அகலத்துக்கு மட்டும், சக்கர நாற்காலி போகிற மாதிரி. நடுவில் மண்தரை. மரத்தடியைத் திறந்துவிட வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, பூங்காவுக்குள் விழுந்த மழையும் கல்லில் வழுக்கிக்கொண்டு தெருவுக்கே வந்தது. அதனால் தாழ்வான மூலையில் மழைநீர் இறங்க ஒரு பள்ளம் கேட்டோம், ஸ்பாஞ்ச் பார்க்குகளில் தோண்டுகிறார்களே, அந்த மாதிரி. பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். பாதைக்கும் மரத்தடிக்கும் சரி என்றார். பள்ளத்துக்கு மேலே கேட்க வேண்டுமாம். கேட்டுக்கொண்டே இருப்போம்.

நேற்றுக் காலை எங்கள் பூங்கா வேம்பைச் சுற்றியிருந்த மேடையை உடைத்தார்கள். கொருக்குப்பேட்டை அக்காவும் பார்க்க வந்திருந்தார். கடைசிப் பாளம் பெயர்ந்ததும் உள்ளே தெரிந்த மண் சாம்பல் போல வெளுத்துக் கிடந்தது, ஒரு எறும்புகூட இல்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். நிற்கவே இல்லை, போன இடம் தெரியவில்லை. கடப்பாரை பிடித்திருந்தவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் ஊத்து சார், குடிக்குது” என்றார்.