கெல்டிக் முடிச்சு செதுக்க எந்த மரம், எந்த உளி?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், மரம் செதுக்குவது பொழுதுபோக்கு. இப்போது மனசு முழுக்க கெல்டிக் முடிச்சுதான். அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் 8, 9-ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவைகளில் காணும் பின்னல் அது. நம் சிக்குக் கோலம் மாதிரி கோடு முடிவில்லாமல் சுற்றி வரும். ஆனால் இழை ஒரு சந்திப்பில் மேலே ஏறினால் அடுத்ததில் கீழே இறங்கும். அந்த மேல் கீழ்தான் மொத்த அழகும்.

சிக்கலும் அங்கேதான். இங்கே சுலபமாகக் கிடைப்பது மாமரப் பலகை. கீழே போகும் இழையைச் சரிவாகத் தாழ்த்தும்போது, மர ரேகைக்குக் குறுக்கே உளி பட்ட இடத்தில் சிம்பு பெயர்கிறது. மேல் இழையின் ஓரமும் அதோடு போய்விடுகிறது. ஓரத்தை முதலில் கத்தியால் நேராகக் கீறிவிட்டு அப்புறம் சரித்தால் கொஞ்சம் பரவாயில்லை. குறுகிய மூலைகளில் அதுவும் நிற்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரை அங்குல இழைக்குக் குமிழ் மரம் சரி வருமா, தேக்கே மேலா? 3 மில்லிமீட்டர் வி வடிவ உளியை கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் எந்தப் பட்டறையில் அடித்துத் தருவார்கள்? கோயில் தேர் வேலை தெரிந்த ஆசாரி யாராவது நேரில் காட்டித் தந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே என்றாலும் வருகிறேன். பலகை, உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) எல்லாம் நானே கொண்டு வருவேன்.