காப்பீட்டு அட்டை இருந்தும் மாத்திரைக்கு மாதம் 2,800 ரூபாய் போகிறது, வேறு வழி உண்டா?

வாணியாறு:
அப்பாவுக்கு 63 வயது. தர்மபுரி மாவட்டம், ஊர் அரூர் பக்கம். போன மார்ச்சில் நெஞ்சுவலி வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். ஸ்டென்டுக்குக் காசு வாங்கவில்லை, அதை மறைக்கக் கூடாது, அட்டை இல்லையென்றால் இருக்கிற இரண்டு மாட்டையும் விற்றிருப்போம். ஆனால் அப்ரூவல் வருவதற்கு முன்னால் எடுத்த டெஸ்ட் என்று 18,000 வாங்கிக்கொண்டு, பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சரி, அது போகட்டும். இப்போது சர்க்கரைக்கும் சேர்த்து ஐந்து மாத்திரை, வெளிக்கடையில் மாதம் 2,800 ஆகிறது. செலவுக்குப் பயந்து அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார், நேற்று அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். வருஷத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு தருகிற அரசு இந்த மாத்திரைக்கு ஒரு வழி வைத்திருக்காதா?

பழைய ஃபார்மசிஸ்ட்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அப்பாவுக்கு போன் போடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

இப்போது காசு விஷயம். அட்டை பெரிய சிகிச்சைக்குத்தான், மாதாமாதம் போடுகிற மாத்திரைக்கு வேறு வழி இருக்கிறது, அது அட்டையைவிடப் பழசு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில். மொத்தமாக வாங்குவதால் விலை தரையோடு தரையாக வரும். மாதிரி ஆய்வகத்தில் தேறின பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே விடுவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக் உண்டு, ஒதுக்கின தொகைக்குள் எது எவ்வளவு வேண்டுமோ அதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வோம். கேரளா, ராஜஸ்தான் எல்லாம் நம்மைப் பார்த்துத்தான் இதேபோலத் தொடங்கின. இதை யாரும் மேடையில் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை, ரிப்பன் வெட்டுகிற மாதிரி இதில் என்ன இருக்கிறது!

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரூர் ஜி.எச்.சுக்கோ போங்கள். கிளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், அட்டார்வாஸ்டாடின், மெட்ஃபார்மின் எல்லாம் அரசு சப்ளையில் வருகிற மருந்துகள்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள்.

ஷிஃப்ட்டு முடிஞ்சது:
அக்கா சொல்வது காகிதத்தில் சரி. நடைமுறையில் போனால் இரண்டு மாத்திரை இருக்கும், மூன்றாவது "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க". அடுத்த வாரம் என்றால் கூலிக்காரனுக்கு இன்னொரு நாள் சம்பளம் போச்சு. இலவசம் என்கிறோம், வரிசையில் நிற்கிற அரைநாளுக்கு யார் காசு கொடுப்பது? எங்கள் ஊரில் இதைச் சமாளிப்பது பெண்கள்தான். டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கவும் அவர்களே போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த பஸ்ஸையும் மருத்துவத் திட்டக் கணக்கில் எழுதலாம்.

இன்னொன்று, காப்பீட்டுக்கு வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000, அதாவது மாதம் பத்தாயிரம். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 வரை. நான் 23,500 வாங்குகிறேன். எனக்கு அதுவும் கிடையாது, இதுவும் கிடையாது. ஓவர்டைம் பார்த்ததற்குத் தண்டனையா என்று சில நாள் தோன்றும்.

பழைய ஃபார்மசிஸ்ட்:
ஸ்டாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். கூட்டம் கூடினதற்குத் தக்கபடி ஒதுக்கீடு கூடாவிட்டால் மாதக் கடைசியில் நாங்கள்தான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று திட்டு வாங்குகிறோம். ஆனால் அதற்காகக் காப்பீட்டை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரையையும் பிரஷரையும் ஊரிலேயே அடக்கி வைத்தால் அந்த ஸ்டென்டே பல பேருக்குத் தேவைப்படாது.

குறுக்கே ஒருவன்:
காப்பீட்டை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் மாமாவால் இதய ஆபரேஷனை நினைத்துப் பார்க்கவே முடிந்தது. 2012இல் பெயரும் விதிகளும் மாறின, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது, அட்டை மட்டும் யார் வந்தாலும் நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அட்டையில் சிகிச்சை எடுத்தாலும் அந்த கிளெய்ம் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது, பலருக்கு இது தெரியாது.

வாணியாறு, அந்த 18,000ஐ விடாதீர்கள். அட்டையில் சிகிச்சை என்றால் கையில் காசு வாங்கக் கூடாது என்பதுதான் விதி. 1800 425 3993க்கு போன் செய்து சொல்லுங்கள், கலெக்டர் ஆபீசில் எழுத்திலும் கொடுங்கள். துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அவர்கள் கையெழுத்துதானே அது.

வாணியாறு:
அக்கா, அன்றைக்கே பேசிவிட்டேன், அப்பா இப்போது தினமும் போடுகிறார். திங்கட்கிழமை அம்மா ஜி.எச். போய் வந்தார். ஐந்தில் மூன்று அங்கேயே கிடைத்தது, ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். மீதி இரண்டையும் 2025 பிப்ரவரியில் குறைந்த விலைக்கு மருந்து விற்கத் திறந்தார்களே, அந்த முதல்வர் மருந்தகத்தில் வாங்கினோம், இரண்டும் சேர்த்து 340 ரூபாய். மாத்திரையின் நிறம் வேறு என்று அப்பா சந்தேகப்பட்டார், பழைய மாத்திரை அட்டையையும் புது மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்துப் பெயரைப் படித்துக் காட்டிய பிறகுதான் வாயில் போட்டார். 18,000க்கு மனு எழுதிவிட்டேன், வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்த மாதம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தர்மபுரி மெடிக்கல் காலேஜில் எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?