அலுமினிய அடிச்சட்டத்தில் வெல்டிங்குக்குப் பக்கத்தில் வெடிப்பு விழுகிறது, உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சியில் இறுதியாண்டுச் செயற்திட்டமாக ரயில் பெட்டியின் அலுமினிய அடிச்சட்டம் ஒன்றை, நமது 1676 மி.மீ. அகல ரயில் பாதைக்கு 1:5 மாதிரியாகச் செய்கிறேன். முனைகள் மாறாமல், நடுத்துண்டை மட்டும் மாற்றி நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

சட்டம் 3 மீற்றர். குழாய் 6063-டி5 எனும் அலுமினியக் கலவை, 50 × 50 × 3 மி.மீ., வவுனியாவில் யன்னல் வேலைக்கு விற்பதுதான். 12 சீமெந்துப் பை, அதாவது 600 கிலோ ஏற்றியதும் போகிக்கு (சக்கரத் தொகுதிக்கு) மேலுள்ள குறுக்குவிட்டத்தருகே தலைமயிர் போல ஒரு வெடிப்பு. வெல்டிங்கில் அல்ல, 5 மி.மீ. தள்ளி. சூடுபட்ட இடத்தில் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது தெரியும்.

மிக் வெல்டிங்கை விட்டு டிக் வெல்டிங்குக்கு மாறினேன், 4043 நிரப்புக் கம்பியை 5356 ஆக்கினேன். மூலைத்தகடு வைத்தால் தகடு முடியும் இடத்தில் வெடிக்கிறது! பட்டறை அண்ணை "இரும்பில செய் தம்பி" என்கிறார், செய்தால் திட்டமே இல்லை. பிறகு வெல்டிங்குக்குப் பதிலாக எம்10 (10 மி.மீ.) போல்ட் போட்டேன். நாலு தரம் கழற்றிப் பூட்டத் துளைகள் முட்டை வடிவாகி, சட்டம் ஆடுகிறது. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

அடிக்கடி கழற்றும் அலுமினிய இணைப்பில் துளை தேயாமலிருக்க எஃகுப் புஷ் (துளைக்குள் செருகும் சிறு குழாய்) இறுக்குவதா, இல்லை இருபுறமும் தகடு வைத்து உராய்வில் பிடிக்க விடுவதா?